எடைமேடையில் ஏற்றிப் பார்த்து வாங்கிய நாலு டயர்

நேற்று சாயங்காலம் வெறும் வண்டியாகத் திரும்பியதும் வாசலிலேயே நிறுத்தி, நாலு டயரிலும் பட்டன் ஆழம், அதாவது ரோட்டில் படும் ரப்பர் வெட்டுகளின் ஆழம், அளந்தேன். பின்னால் இடது 8.1 மி.மீ., வலது 8.2. முன்னால் இரண்டும் 8.4. மாட்டிய அன்று நாலும் 9.5 காட்டின. நடுவில் 11,300 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஓரத்திலும் நடுவிலும் ஊசியை இறக்கிப் பார்த்தேன், வித்தியாசம் 0.2 தாண்டவில்லை. போன வருஷம் இதே தை மாதம் நான் செய்த முட்டாள்தனத்தை எழுதுவதற்கு இப்போதுதான் தைரியம் வந்திருக்கிறது.

வண்டி பொலிரோ பிக்கப். 1,300 கிலோ ஏற்றலாம் என்ற கணக்கில் வந்த மாடல். டயர் அளவு 215/75 ஆர் 15. வேலை பெரும்பாலும் தரையில் பதிக்கும் ஆத்தங்குடி கல் ஏற்றுவது. இடையிடையே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளிலிருந்து தூண், நிலை, கதவு. தேக்கு எவ்வளவு கனமோ அதைவிட மோசம் இந்தக் கல். பார்ப்பதற்குச் சின்னதாக, பளபளப்பாக, பூவும் கோலமுமாக இருக்கும். சூளையில் வைத்துச் சுடுவது கிடையாது. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊற வைத்து எடுக்கிறார்கள். மொத்தமும் மணலும் சிமெண்டும் என்பதால் ஒரு சதுர அடி நாலு கிலோவுக்கு மேல் நிற்கும். வண்டித் தொட்டியில் பாதிகூட நிரம்பியிருக்காது, அதற்குள் வண்டி உட்கார்ந்துவிடும். வைக்கோல் லோடு கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்து நம்மை எச்சரிக்கும். கல் லோடு எச்சரிக்காது.

வண்டியோடு வந்த டயர்கள் மொட்டையானதும், 2025 ஜனவரியில் ஒரு கடைக்குப் போனேன். எந்தக் கடை என்பது வேண்டாம். அப்போது எல்டி டயர், அதாவது சின்ன லாரி வகைக்கென்று வருவது, ஒன்று 7,800 ரூபாய் சொன்னார்கள். என் முகம் போன போக்கைப் பார்த்துக் கடைப் பையன் இன்னொன்றை உருட்டிக்கொண்டு வந்தான்.

“அண்ணே, இது 5,600-தான். இதுவும் 215/75 ஆர் 15. பொலிரோவுக்குப் போற டயர்ண்ணே. உங்க வண்டியும் பொலிரோதானே?”

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆள் ஏற்றும் பொலிரோ ஜீப்புக்கும் இதே அளவுதான். விளிம்பில் சரியாக உட்காரும், உயரமும் அதேதான். நாலுக்கு 8,800 ரூபாய் மிச்சம். பொங்கல் செலவு வேறு. மாட்டச் சொல்லிவிட்டேன்.

டயர் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்திலேயே ஒரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். நான் வாங்கியதில் 100 எஸ். அந்த 100-ஐ நான் வேகம் என்று நினைத்தேன். வேகத்தைச் சொல்வது எழுத்து. 100 என்பது எடைக் குறியீடு, ஒரு டயர் 800 கிலோ வரை தாங்கும் என்று பொருள். எல்டி டயரில் அந்த இடத்தில் 106/103 என்று இருந்தது. ஒற்றைச் சக்கரமாக ஓடினால் 950 கிலோ, இரட்டையாக மாட்டினால் ஒவ்வொன்றும் 875. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று நான் பார்த்தது பட்டன் டிசைனையும் விலையையும்தான்.

முதல் வாரமே பின் டயர் இரண்டும் லோடு ஏற்றியதும் பிதுங்கின. சரி, காற்று குறைவு போல என்று 50 பிஎஸ்ஐ வரை பிடித்தேன். டயரிலேயே உச்சபட்சம் 44 என்று அச்சடித்திருந்தது. அதையும் படிக்கவில்லை. பிதுங்கல் குறைந்தது, மனசு சமாதானம் ஆனது. பங்குனியில் பார்த்தால் நடுப் பகுதி மட்டும் தேய்ந்து, ஓரங்கள் புதுசு போல நின்றன. திரும்பி வரும் வெறும் நடையெல்லாம் டயர் நடுவயிற்றில் மட்டுமே உருண்டு வந்திருக்கிறது. பஞ்சர் கடை அண்ணன் பார்த்துவிட்டு, “காத்து ஜாஸ்தி தம்பி, குறைச்சு வை” என்றார். அவர் பார்த்தது வெறும் வண்டியை. லோடு பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 38-க்கு இறக்கினேன். இரண்டாவது தப்பு இது. முதல் தப்பைவிடப் பெரியது.

மே மாதம், அக்னி நட்சத்திரம். திருச்சிக்கு 400 சதுர அடி கல். பத்தங்குலக் கல், கிட்டத்தட்ட 575 இருக்கும். காலையில் கிளம்ப வேண்டியது, ஏற்றி முடிக்கவே பதினொன்றரை ஆகிவிட்டது. திருமயம் கோட்டையைத் தாண்டிப் புதுக்கோட்டைக்குப் போகிற வழியில் முதலில் ஒரு நடுக்கம். ஸ்டியரிங்கில் வரவில்லை, சீட்டுக்கு அடியில் வந்தது. ரோடு சரியில்லை என்று நினைத்து இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டினேன். அப்புறம் ‘டமார்’. பின்னால் இடது. வண்டி இடப்பக்கம் சாய்ந்து, மண் ஓரத்தில் இறங்கி நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இறங்கிப் பார்த்தபோது பட்டன் பகுதி முழுப் பட்டையாக உரிந்து, பெல்ட் போல மட்கார்டில் சுற்றியிருந்தது. உள்ளேயிருந்த கம்பிகள் தலைமயிர் மாதிரி நின்றன. வலது டயரைத் தொட்டேன், கையை மூன்று எண்ணும்வரைகூட வைக்க முடியவில்லை. அதன் உட்பக்கச் சுவரில், வெளியிலிருந்து தெரியாத இடத்தில், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். அதுவும் அடுத்த நடைக்குள் போயிருக்கும்.

சாய்ந்த வேகத்தில் 37 கல் உடைந்தது. விலை என்று பார்த்தால் 1,800 ரூபாய்க்குள்தான். ஆனால் அந்த வீட்டுக்கென்றே சொல்லிச் செய்த டிசைன். திரும்பப் போட்டு, ஊற வைத்து, காய வைத்து அனுப்ப இரண்டு வாரம். வேறு வண்டி பிடித்துக் கல்லை மாற்றியதற்கு 2,500. வீட்டுக்கார ஆச்சி போனில் திட்டவில்லை. “தம்பி, ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டுவிட்டு, “கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு” என்று மட்டும் சொன்னார்கள். திட்டியிருந்தால் தேவலை.

வண்டியோடு வந்த பழைய டயர்களில் கூடு, அதாவது பட்டனுக்கு அடியில் இருக்கும் உடம்பு, நன்றாக இருந்த இரண்டை எடுத்து வைத்திருந்தேன். அவற்றை ரீட்ரேடிங், அதாவது பழைய கூட்டின் மேல் புது ரப்பர் போட, கொடுத்தேன். ஒன்று 2,600 வீதம் 5,200. இதைப் பலர் கேவலமாகப் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் அந்த இரண்டும் மே முதல் செப்டம்பர் வரை ஒரு குறையும் வைக்கவில்லை. அதற்குக் காரணம் ரப்பர் மட்டும் கிடையாது, சோதித்துப் பார்க்க ஏற்றியதைத் தவிர, பயத்தில் நான் 250 சதுர அடிக்கு மேல் ஏற்றவே இல்லை. அவை எல்டி கூடு என்பதும் ஒரு காரணம்.

இந்த இடைவெளியில்தான் உருப்படியான காரியம் ஒன்று செய்தேன். காரைக்குடியில் ஓர் எடைமேடைக்குப் போய், வண்டியை மூன்று விதமாக எடை போட்டேன். முழு வண்டி, முன் சக்கரம் மட்டும் மேடையில், பின் சக்கரம் மட்டும் மேடையில். மேடைக்காரருக்கு இது வேடிக்கையாக இருந்தது. “மொத்தமா போட்டா போதாதா?” என்றார். நூறு ரூபாய் கொடுத்ததும் சரி என்றார்.

வெறும் வண்டி, நானும் ஏற்றுகூலித் தம்பியும் உள்ளே, டேங்க் நிறைய டீசல்: மொத்தம் 1,780 கிலோ. முன்னால் 1,010, பின்னால் 770. அடுத்த வாரம் வேண்டுமென்றே பழையபடி 400 சதுர அடி ஏற்றி, கல் செய்யும் களத்திலிருந்து மேடை வரை ஊர்ந்து போய்ப் போட்டேன். மொத்தம் 3,460. முன்னால் 1,160-தான். பின்னால் 2,300.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். 2,300-ஐ இரண்டால் வகுத்தால் 1,150. 800 கிலோ டயர் மேல் 1,150 கிலோ, அதுவும் 38 பிஎஸ்ஐயில், அக்னி நட்சத்திரத்தில். டயர் வெடித்தது ஆச்சரியமில்லை, எட்டாயிரம் கிலோமீட்டர் தாங்கியதுதான் ஆச்சரியம். அடுத்து, ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றியும் பார்த்தேன். இடது பக்கம் கனம் கூடுதல். ஏற்றுகிறவர்கள் வலப்பக்கத்திலிருந்து கல்லைக் கொடுக்க, உள்ளே இருக்கிறவர் இடது சுவரோடு அணைத்து அடுக்க ஆரம்பிப்பார், மிச்சம் வலப்பக்கம் குறைவாக நிற்கும். வெடித்தது இடது டயர் என்பதற்கு இப்படி ஒரு காரணமும் கிடைத்தது.

பெரிய அதிர்ச்சி அதற்கப்புறம். 106 போட்ட எல்டி டயரே 950-தான். 1,150-ஐ அதுவும் தாங்காது. ஆக, 7,800 ரூபாய் டயரை வாங்கி மாட்டியிருந்தாலும் நான் எல்லைக்கு வெளியேதான் ஓட்டியிருப்பேன், வெடிப்பது கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். 400 சதுர அடி என்பதே 1,680 கிலோ. வண்டிக்குச் சொன்னது 1,300. எல்லாரும் ஏற்றுகிறார்கள் என்று நானும் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

300 சதுர அடிக்குக் கணக்குப் போட்டேன். 1,260 கிலோ. பழைய மாதிரி பின்பக்கமாக அடுக்கினால் பின் அச்சில் 1,900, டயருக்கு 950. கச்சிதமாக எல்லைக்கோட்டில். ஒரு பள்ளம், ஒரு பக்கம் கூடுதல் கனம் என்றால் முடிந்தது. அப்போதுதான் தம்பி கேட்டான், “கல்லை ஏண்ணே பின்னாடி அடுக்குறோம்?” எனக்குப் பதில் தெரியவில்லை. இறக்கும்போது கைக்கு எட்டும் என்பதற்காக யாரோ எப்போதோ தொடங்கிய பழக்கம். கேபின் சுவரோடு ஒட்டி, உயரமாக, முன்பாதியில் மட்டும் அடுக்கி மறுபடி மேடை ஏற்றினோம். முன்னால் 1,270, பின்னால் 1,770. டயருக்கு 885. ஒரு ரூபாய் செலவில்லாமல் ஒவ்வொரு பின் டயரிலும் 65 கிலோ இறங்கியது.

இப்போது டயர் தேர்வு. பெரிய அளவு போடலாமே என்று நண்பர்கள் இரண்டு பேர் சொன்னார்கள். 235/75 ஆர் 15. பார்க்க வண்டி நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். கணக்குப் போட்டால் 215/75 ஆர் 15-ன் விட்டம் 703 மி.மீ. சொச்சம், 235 போட்டால் 733 சொச்சம். 30 மி.மீ. உயரம் கூடும், 4 சதவீதத்துக்கு மேல். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் போகும். முதல் கியரில் லோடோடு ஏறும் இழுவையும் அதே அளவு குறையும். எஃப்.சி.க்கு, அதாவது வண்டித் தகுதிச் சான்றுக்கு, போகும்போது ஏன் அளவு மாறியது என்ற கேள்வி வேறு. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நைலான் டயர், அதாவது நூல் அடுக்குகளைக் குறுக்கும் மறுக்குமாகப் போட்டது, ஒன்று மலிவாகக் காட்டினார்கள். ஏற்கனவே முன்னால் இருப்பது கம்பி பெல்ட் வைத்த ரேடியல். பின்னால் நைலான், முன்னால் ரேடியல் என்று கலந்து ஓட்டினால் திருப்பத்தில் முன்னும் பின்னும் வேறு வேறு மாதிரி பிடிக்கும், மழையில் சொல்லவே வேண்டாம். நாலும் ரேடியல், நாலும் ஒரே மாதிரி என்று முடிவு. எட்டு ப்ளை என்று எழுதியிருப்பதைப் பார்த்து உள்ளே எட்டு அடுக்கு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ரேடியலில் அது பலத்தைச் சொல்லும் பழைய கணக்கு, அவ்வளவே.

பட்டன் விஷயத்தில்தான் ரொம்ப நாள் தடுமாறினேன். நம் ஊரில் ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கல் களங்களுக்குப் போகும் கடைசி அரை கிலோமீட்டர் செம்மண். கார்த்திகையில் அது சேறு. லக் டயர், அதாவது குறுக்கே ஆழமாக வெட்டியது, சேற்றில் பிடிக்கும், தார் ரோட்டில் ஊளையிடும், சீக்கிரம் ஏறுமாறாகத் தேயும். ஒரு நண்பரின் வண்டியை வாங்கி மானாமதுரை வரை போய் வந்தேன், காது போய்விட்டது. நீளவாக்கில் கோடு ஓடும் ரிப் டயர் தாரில் அமைதியாக ஓடும். வருஷத்தில் இருபது நாள் சேற்றுக்காக மிச்சம் நாளெல்லாம் ஊளையைக் கேட்பானேன்? நடுவில் ரிப், தோள்பட்டையில் வெட்டு இருக்கும் கலப்பு டிசைனை எடுத்தேன். எம்ஆர்எஃப், அப்போலோ, சியட், ஜேகே என்று தெரிந்த கம்பெனிகளெல்லாம் சின்ன சரக்கு வண்டிகளுக்கென்று டயர் போடுகின்றன. நான் எதை வாங்கினேன் என்பது பெரிய விஷயமில்லை. 106 இருந்தது, நம் ஊரில் உத்தரவாதத்துக்கு ஆள் இருந்தது.

செப்டம்பர் முதல் வாரம் வாங்கத் தயாராகப் பணத்தோடு போனேன். கடைக்காரரே, “22-ஆம் தேதி வரைக்கும் பொறுங்கண்ணே, ஜிஎஸ்டி இறங்குது” என்றார். டயருக்கு 28 சதவீதம் இருந்தது 18 ஆகப் போகிறது என்று அறிவிப்பு வந்திருந்த நேரம். 7,800-க்குள் வரியைப் பிரித்தால் அடக்கம் 6,094. அதற்கு 18 போட்டால் 7,190. டயருக்கு 600 ரூபாய்க்கு மேல் குறைகிறது. தன் வியாபாரத்தைத் தானே தள்ளிப் போட்ட அந்த மனிதரிடம்தான் இனி வாங்குவது என்று அன்றே நினைத்துக்கொண்டேன்.

வரி இறங்கிய மறுநாள் போனால் நாலு டயர் தயாராக இருந்தன. நான் டார்ச் அடித்துச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு எண்ணைத் தேடினேன். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். இரண்டு டயரில் 1823. 2023-ஆம் வருஷம் 18-வது வாரம். கூடத்தில் நிழலில் இருந்த டயர்தான், உடனே கெட்டுவிடாது. ஆனால் நான் நாலைந்து வருஷம் ஓட்டப் போகிறேன், அதில் இரண்டரை வருஷத்தை ஏன் கொடுக்க வேண்டும்? பேச்சு கொஞ்சம் முறுகியது. கடைசியில் மூன்று நாள் பொறுத்தால் வேறு வரவழைப்பதாகச் சொன்னார். வந்தவை 2925, 3125. எழுதிக்கொண்டேன். உத்தரவாத அட்டையிலும் ஒவ்வொரு டயரின் தொடர் எண்ணை என் கண் முன்னால் எழுதச் சொன்னேன்.

மாட்டும் வேலை காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து மதியம் ஒன்றரைக்கு முடிந்தது. டிஸ்க்கிலிருந்து, அதாவது சக்கரத்தின் இரும்பு வட்டிலிருந்து, பழைய டயரைப் பிரித்ததும் டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் துருச் செதில். மூன்று டிஸ்க்கைக் கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்தோம். நாலாவதைப் பார்த்தால் சுமாராகத் தெரிந்தது, பசி வேறு, விட்டுவிட்டோம். அதற்குப் பலன் ஒரு வாரத்தில் தெரிந்தது. முன் வலது டயரில் வாரத்துக்கு 3 பிஎஸ்ஐ இறங்கியது. வால்வு, பஞ்சர் என்று தேடிக் கடைசியில் சோப்புத் தண்ணீர் ஊற்றினால், விளிம்போரம் நெடுக ஊசிமுனைக் குமிழ்கள். திரும்பக் கழற்றி, தேய்த்து, மாட்ட இன்னொரு பாதி நாள். பத்து நிமிஷ பிரஷ் வேலையை அன்றே செய்திருக்கலாம்.

வால்வு நாலும் புதுசு, 360 ரூபாய். பேலன்சிங் 480. அலைன்மென்ட் 650. முன் சக்கரங்கள் கொஞ்சம் வெளியே பார்த்தபடி நின்றிருந்தன, பழைய டயர் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரித் தேய்ந்ததற்கு அதுதான் காரணமாம். டயர் நாலும் பேரம் பேசி 7,150 வீதம் 28,600. ஆக மொத்தம் 30,090. எழுபது கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஸ்பேனர் போட்டு மறுபடி இறுக்கினேன். பின் வலதில் இரண்டு நட்டு கால் சுற்று ஏறியது.

ஓரத் தேய்மானம் தவிர, முன்னால் ஓடிய கார் டயர் இரண்டும் நல்லபடியாகவே இருந்தன. அந்த இடத்தில் 635 கிலோவுக்கு மேல் கனம் விழுவதில்லை, அதனால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜீப் வைத்திருக்கும் ஒருவர் 3,500 கொடுத்து இரண்டையும் எடுத்துக்கொண்டார். அந்த டயர்கள் கடைசியில் பிறந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்தன.

அடுத்தது காற்று. இதில்தான் எனக்கு ருசி வந்தது. 950 கிலோ என்பது டயரில் போட்டிருக்கும் உச்சக் காற்றான 65 பிஎஸ்ஐக்கு. காற்றுக் குறையக் குறைய தாங்கும் எடையும் குறையும். 50-க்கு வந்தால் 800 அளவில்தான் நிற்கும். எனக்கு வேண்டியது 885. எவ்வளவு பிடிப்பது?

சாக்பீஸ் வாங்கினேன். 300 சதுர அடி ஏற்றி, 65 பிடித்து, பின் டயர் பட்டன் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரல் தடிமனுக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டேன். நேரான சிமெண்டு ரோட்டில் ஐம்பதடி உருட்டி இறங்கிப் பார்த்தால், நடுவில் கோடு அழிந்து ஓரங்களில் வெள்ளை அப்படியே இருந்தது. ஐந்து ஐந்தாக இறக்கி 50-க்கு வந்தபோது இது தலைகீழானது, ஓரங்கள் அழிந்து நடுவில் வெள்ளை. 58-ல் கோடு முழுக்க ஒரே சீராக மங்கியது. தெருப் பிள்ளைகள் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கோடு போடும் வேலை அவர்களுடையதாகிவிட்டது, ஒரு டயரில் பூக்கூட வரைந்தார்கள். வெறும் வண்டிக்கு 40-ல் சீராக அழிந்தது.

சாக்பீஸ் 58 என்றாலும், வெயிலையும் இடது பக்கக் கனத்தையும் நினைத்து லோடுக்கு 60 வைத்துக்கொண்டேன். முன்னால் எப்போதும் 42. எல்லாம் விடிகாலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்ப்பது. ஓடிச் சூடான பிறகு நாலைந்து பிஎஸ்ஐ தானாக ஏறி நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து காற்றைத் திறந்துவிடக் கூடாது. நான் ஒரு தடவை திறந்துவிட்டிருக்கிறேன்.

காற்று அளக்கும் டிஜிட்டல் மானி 850 ரூபாய், பட்டன் ஆழமானி 250. இந்த இரண்டையும் ஐந்து வருஷம் முன்னாலேயே வாங்கியிருக்க வேண்டும். வழக்கமாகக் காற்றுப் பிடிக்கும் பெட்ரோல் பங்கில் 60 என்று காட்டியது என் மானியில் 54. யாருடையது தப்பு என்று வேறு இரண்டு இடத்தில் ஒப்பிட்டேன், என்னுடையது சரியாகவே நின்றது. இத்தனை வருஷம் நான் 50 என்று நினைத்து எவ்வளவு பிடித்தேனோ, யாருக்குத் தெரியும்.

கார்த்திகை மழையில் களத்துச் சேற்றில் ஒரே ஒரு தடவை சிக்கினேன். வெறும் வண்டி, கனத்தில்லாத பின்பக்கம் சுழன்றது. இரண்டு சாக்கைப் போட்டு வெளியே வந்தேன். லக் டயராக இருந்தால் வந்திருக்கும்தான், ஆனாலும் முடிவை மாற்றத் தோன்றவில்லை. சீமைக்கருவேல முள்தான் பெரிய தொல்லை. காய்ந்த முள் ஆணி மாதிரி. இந்த நாலைந்து மாதத்தில் குறட்டால் பிடுங்கியவை பதினொன்று, உள்ளே வரை போனது ஒன்றுதான். அதையும் ஸ்ட்ரிப் போட்டு அடைத்தாயிற்று. பழைய வீடு இடிக்கிற இடத்தில் தேக்கு ஏற்றப் போனால் கைவேலை இரும்பாணிகள் கிடக்கும். அங்கே வண்டியை உள்ளே விடுவதற்கு முன் தம்பி ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்து வருகிறான். அவன் யோசனைதான்.

கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் மிச்சம் பிடித்தது 8,800. அந்த நாலு டயருக்குக் கொடுத்த 22,400-ல் திரும்பி வந்தது 3,500. ரீட்ரேடிங் 5,200, உடைந்த கல் 1,800, மாற்று வண்டி 2,500. போனது 28,400. இதில் பழைய கூட்டில் ரப்பர் போட்ட இரண்டும் இன்னும் கையில் இருக்கின்றன, அவ்வளவுதான் ஆறுதல்.

400-க்குப் பதில் 300 ஏற்றுவதால் பழைய மூன்று நடைக்கு ஒரு நடை என்ற கணக்கில் கூடியது. அதைப் பார்ட்டியிடம் சொல்லி வாடகையில் கேட்டேன். இரண்டு பேர் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். மூன்று பேர், கல் உடையாமல் வருகிறது என்று என்னோடே இருக்கிறார்கள். தொட்டியில் கேபின் சுவரிலிருந்து நாலரை அடியில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், அதைத் தாண்டிக் கல் வரக் கூடாது. களத்தில் முதலில் சிரித்தார்கள். இப்போது நான் இல்லாவிட்டாலும் கோட்டுக்கு உள்ளேதான் அடுக்குகிறார்கள், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக.

அடுத்த தடவை மாற்றிச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நாலு வாங்கியதற்கு ஐந்தாக வாங்கியிருக்க வேண்டும். ஸ்டெப்னியில் கிடப்பது 2019-ல் செய்த பழைய டயர், பட்டன் 4 மி.மீ. இருக்கிறது, ஆனால் சுவரில் மயிரிழை வெடிப்புகள். திருமயத்தில் நின்ற அன்று அதைத்தான் மாட்டிப் புதுக்கோட்டை வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். ஐந்தாவதுக்குப் போன வாரம் சொல்லி வைத்தேன். இன்று காலை கடைக்காரரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வணக்கம் இல்லை, விலை இல்லை. கட்டைவிரலால் தூசியைத் துடைத்துவிட்டு எடுத்த நாலு எண் மட்டும்: 4825.